மணி அடித்தால் உட்கார வேண்டியவர் நாமே



தராசு கொஞ்சம் சாய்ந்தாலும் நம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். மூட்டைக்குள் கையை விட்டதுமே பருப்பில் வண்டு இருப்பது தெரிந்துவிடும். ஆனால் கடை திறந்தது முதல் இரவு பூட்டும் வரை நம்மைத் தாங்கி நிற்கும் பாதத்தை மட்டும் நம்மில் பலர் பார்ப்பதே இல்லை.

சர்க்கரை நோய் பல ஆண்டுகள் நீடித்தால் பாதத்தின் நரம்பு மரத்துப் போகலாம். அதன் பிறகு கோணி ஊசி குத்தினாலும் வலிக்காது. உடல் பாரம் ஒரே இடத்தில் அழுந்தித் தோல் வெடித்தாலும் வலிக்காது. வலி இல்லாததால் புண்ணின் மேலேயே நடக்கிறோம். புண் ஆழமாகிறது. கடைசியில் விரலையோ காலையோ எடுக்கும்படி ஆகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் வெளியானபோது, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. இதில் கடைத்தெரு மட்டும் விலக்கா என்ன?

போன வலியைக் கருவி கொண்டு திருப்பித் தர முடியுமா என்று மேல்நாட்டில் முயன்று வருகிறார்கள். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் நடந்த ஒரு சோதனை 2019-ல் வெளியாயிற்று. முன்பு பாதப் புண் வந்து ஆறியவர்களின் ஷூவுக்குள், அழுத்தத்தை அளக்கும் சென்சார்கள் பதித்த மெல்லிய தகட்டை வைத்தார்கள். ஒரே இடத்தில் அழுத்தம் நீடித்தால் கைக்கடிகாரம் எச்சரிக்கும். உடனே உட்கார வேண்டும், அல்லது பாரத்தை மாற்ற வேண்டும். எச்சரிக்கை கிடைத்தவர்களுக்கு, கிடைக்காதவர்களைவிட 71 சதவீதம் குறைவாகவே மறுபடி புண் வந்தது. ஒழுங்காக அணிந்தவர்களிடம் இது 86 சதவீதம். சோதனையை முழுமையாக முடித்தவர்கள் 58 பேர்தான், சிறிய சோதனை. ஆனாலும் நல்ல செய்தி.

இந்த முயற்சிக்கு ஒரு முன்கதை உண்டு. 1914-ல் நமது கொல்லிமலையில் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் செய்தவர். மரத்த காலைக் கெடுப்பது வலியின்மையே என்று எடுத்துக்காட்டி, மாவுக்கட்டுப் போட்டுப் புண்ணை ஆற்றியவர். 1966-ல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்ற அவர், அழுத்தம் கூடினால் ஒலி எழுப்பும் கருவியைச் செய்து பார்த்தார். நோயாளிகள் ஒலியைப் பொருட்படுத்தவில்லை. மின்சார அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார். கைவேலையை முடிக்க வேண்டுமென்றால் கருவியை அணைத்துவிட்டு முடித்தார்கள்! அந்த முயற்சியே கைவிடப்பட்டது.

2003-ல் அமெரிக்காவில் வெளியான இன்னொரு ஆய்வும் இதையே சொல்கிறது. புண் ஆறுவதற்காகக் கழற்றி மாட்டும் விசேஷக் காலணி கொடுத்து, அடிகளை எண்ணும் கருவியை அதற்குள் மறைத்து வைத்தார்கள். எடுத்த அடிகளில் 28 சதவீதம்தான் அந்தக் காலணியோடு எடுத்தவை. மருந்து தோற்கவில்லை, மனிதர்தான் அதைக் கழற்றி வைத்துவிட்டார்.

நமக்கு இதில் பாடம் இருக்கிறது. வாடிக்கையாளர் நிற்கும்போது கடிகாரம் அடித்தால் நாம் உட்காருவோமா? "இந்த ஒரு சிட்டையை முடித்துவிட்டு" என்போம். ஆகவே கருவி வரட்டும், விலை குறையட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அது சொல்லப் போவதை இன்றே செய்யலாம்.

கல்லாவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போடுங்கள். கடை அடைத்ததும் கணக்கு முடிப்பது போல, இரவில் பாதத்தையும் விரல் இடுக்கையும் பாருங்கள். குனிய முடியாதவர் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். வீட்டாரைப் பார்க்கச் சொல்லலாம். கால் ஆணியைப் பிளேடால் சீவாதீர்கள். புண் கண்டால் நாளை என்னாமல் அன்றே டாக்டரிடம் போங்கள்.

அடுத்து நாம் சொல்லப் போவது சிலருக்குப் பிடிக்காது. லட்சுமி இருக்கும் இடம் என்று செருப்பை வாசலில் விடுவது நம் வழக்கம். அந்த மரியாதை குறைய வேண்டாம். ஆனால் ஆணியும் தகரச் சிராயும் சிதறும் தரையில் சர்க்கரை நோயாளி வெறுங்காலோடு நிற்பது ஆபத்து. தெருவில் படாத, கடைக்குள் மட்டும் அணியும் மெத்தென்ற காலணி ஒன்று வைத்துக்கொண்டால் என்ன? சாமி படத்துக்கு முன் கழற்றிவிட்டால் போயிற்று. காலை இழந்த மகனைப் பார்த்து எந்தத் தாயும் மகிழ மாட்டாள்.

நமது சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மருத்துவ முகாமில் ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பதோடு நிறுத்தாமல், மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையையும் சேர்க்க வேண்டும். நிமிடக்கணக்கில் முடியும் காரியம். முதலாளிக்கு மட்டுமல்ல, கடை ஊழியருக்கும் மூட்டை தூக்குபவருக்கும் செய்ய வேண்டும்.

சரக்கு போனால் மறு கொள்முதல் செய்யலாம். காலுக்கு அந்த வழி இல்லை. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே இதைப் பேசி முடிவெடுப்போம்.