சிவப்புக் கால் என்றாலே பவளக்காலியா?

துரைப்பாக்கம் - பல்லாவரம் ரேடியல் சாலையில் காலை ஆறரை மணிக்கே லாரிகள் ஓட ஆரம்பித்துவிடும். பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் நடுவே போகும் அந்தச் சாலையின் ஓரத்தில் ஓர் அப்பாவும் பத்தாம் வகுப்பு படிக்கும் மகளும் நின்றிருந்தார்கள். பொங்கல் விடுமுறை. இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு பைனாகுலர். அதற்கும் முறை வைத்திருந்தார்கள்.

சேற்றில் மைனாவைவிடப் பெரிய பறவை ஒன்று தலையைக் குனிந்து இரை தேடிக்கொண்டிருந்தது. பழுப்பு உடல். கால்கள் ஆரஞ்சு கலந்த சிவப்பு.

“பவளக்காலிம்மா! காலைப் பாரேன்” என்றார் அப்பா. மகள் எடுத்த மங்கலான போட்டோவைச் செயலியில் போட்டுப் பார்த்தார். அதுவும் பவளக்காலி என்றே சொன்னது. அடுத்த நிமிடமே படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது.

மகள் மட்டும் பைனாகுலரை இறக்கவில்லை. “அப்பா, லிஸ்ட்ல அதுக்குள்ள எழுதிடாதீங்க. மூக்கு சரியா வரலை.”

கால் ஏமாற்றும்

நீர்க்கரையில் நடந்து இரை தேடும் உள்ளான் வகைப் பறவைகள், புதிதாகப் பறவை பார்ப்பவர்களைப் பாடாய்ப் படுத்தும். குளிர்காலத்தில் நம் ஊருக்கு வரும்போது பெரும்பாலானவை மங்கிய பழுப்பிலும் சாம்பலிலும்தான் இருக்கும். அதனால் கண்ணில் முதலில் படும் கால் நிறத்தைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். ஆனால், கால் முழுக்கச் சேறு அப்பியிருக்கலாம், காலை வெயிலில் மஞ்சள்கூடச் சிவப்பாகத் தெரியலாம்.

மகள் வேறு வரிசையில் பார்த்தாள். முதலில் அலகு. பவளக்காலியின் அலகு நேராக இருக்கும், அடிப்பகுதியில் சிவப்பும் உண்டு. இதற்கோ குட்டை அலகு, நுனி லேசாகக் கீழ்நோக்கி வளைந்திருந்தது. சிவப்பே இல்லை. அடுத்து உடல்வாகு. சின்னத் தலை, நீண்ட கழுத்து, தொப்பை போட்ட வயிறு. முதுகில் மீன் செதில் அடுக்கியதுபோல ஒவ்வோர் இறகுக்கும் வெளிர் விளிம்பு. குளிர்காலப் பவளக்காலியின் முதுகில் இப்படி ஒரு செதில் கோலத்தைப் பார்க்க முடியாது.

பக்கத்தில் அதே அச்சில் இன்னொரு பறவை நின்றது. ஆனால், உருவத்தில் நன்றாகவே சிறியது.

“குஞ்சா இருக்குமோ?” என்றார் அப்பா.

“ஜனவரியில ஏதுப்பா குஞ்சு? ஜோடியா இருக்கும்.”

ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்தது. இரண்டும் எழுந்து பறந்தன. பவளக்காலியாக இருந்தால் கத்திக்கொண்டே பறந்திருக்கும். இறக்கையின் பின் விளிம்பில் அகலமான வெள்ளைப் பட்டையும் பளிச்சென்று தெரிந்திருக்கும். இவை சத்தமே போடவில்லை. இறக்கையில் மெல்லிய வெள்ளைக் கோடுதான் இருந்தது. வால் தொடங்கும் இடத்தில் மட்டும் இரண்டு பக்கமும் முட்டை வடிவில் இரண்டு வெள்ளைத் திட்டுகள்.

அந்தத் திட்டுகள்தான் விடை சொல்லின. வந்தது ரஃப். தமிழில் பேதை உள்ளான். இதில் ஆண் பெரியது, பெண் சிறியது. கால் நிறமும் பறவைக்குப் பறவை மாறும். ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என எதுவும் இருக்கலாம். கோடையில் ஐரோப்பாவின் வடபகுதியிலும் சைபீரியாவிலும் இனப்பெருக்கம் செய்யும்போது, ஆண் பறவை கழுத்தைச் சுற்றிப் பெரிய இறகுக் காலர் வளர்த்துக்கொண்டு போட்டியாளர்களோடு மல்லுக்கட்டும். நம் ஊருக்கு வரும்போது அந்த ஆடம்பரத்தையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு, எளிய பழுப்புச் சட்டையில் வருகிறது.

ஒரு பெயர் தப்பினால் என்ன?

பொழுதுபோக்குக்குப் பார்க்கிறோம், பெயர் மாறினால் என்ன என்று தோன்றலாம். இந்தியாவில் ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரி தோறும் நடக்கிறது. பொங்கல் நாள்களில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் தாங்கள் பார்ப்பதை இபேர்ட் தளத்தில் பதிகிறார்கள். இந்தப் பட்டியல்கள் ஆய்வுகளுக்குப் பயன்படுகின்றன. ஓர் இடம் ராம்சர் தகுதி பெறப் பல அளவுகோல்கள் இருக்கின்றன. அங்கே வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகள் கூடுவது அதில் ஒன்று. ஒரே இனத்தின் மொத்த எண்ணிக்கையில் 1 சதவிகிதம் அங்கே வருவது இன்னொன்று. பெயரைத் தப்பாக எழுதினால், அந்தக் கணக்கில் ஓர் இனம் கூடும், இன்னோர் இனம் குறையும்.

பள்ளிக்கரணை 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பரப்பளவு சுமார் 1,247 ஹெக்டேர். ஒரு பக்கம் பெருங்குடி குப்பைக் கிடங்கு, மறுபக்கம் அடுக்குமாடிக் கட்டடங்கள். இவற்றுக்கு நடுவே எந்தப் பறவை இன்னும் வருகிறது, எது வருவதை நிறுத்திவிட்டது என்பதைச் சொல்ல, இந்தப் பட்டியல்களைப் போன்ற சாட்சி வேறு அதிகம் இல்லை.

அப்பா குடும்பக் குழுவில் திருத்தம் போட்டார்: “அது பவளக்காலி இல்லை, பேதை உள்ளான். கண்டுபிடித்தது பாப்பா.” அத்தையிடமிருந்து உடனே பதில் வந்தது: “எதுவா இருந்தா என்ன, பொங்கல் ஆறுது, சீக்கிரம் வாங்க.”

கிளம்பும் நேரத்தில் தூரத்துச் சேற்றில் இன்னொரு சின்னப் பறவை வந்து இறங்கியது. வெயில் எதிரே இருந்ததால் உருவம் கறுப்பாகத்தான் தெரிந்தது. பெயர் சொல்ல அப்பா வாயெடுத்தார். பிறகு சிரித்துக்கொண்டே மகளைப் பார்த்தார்.

அவள் பட்டியலின் கடைசி வரியை எழுதினாள்: “ஏதோ ஓர் உள்ளான், இனம் தெரியவில்லை - 1.”