சில்லுக்குள் ஸ்னோ, பொக்கற்றில் ஓட்டை

போன பெப்ரவரியில் ஒரு காலை. இரவு முழுக்க ஸ்னோ கொட்டி ஓய்ந்திருந்தது. அம்மாவை வேலையில் இறக்கிவிட்டு அப்படியே வளாகத்துக்குப் போவது என் திட்டம். ஸ்காபரோ உள்வீதிகளில் ஒரு பிரச்சினையும் இல்லை. 401இல் ஏறி வேகம் 90ஐத் தொட்டதும் ஸ்ரியரிங் நடுங்கத் தொடங்கியது பாருங்கோ... குலைப்பன் காய்ச்சல் வந்தவனின் கை மாதிரி!

"தம்பி, சில்லு ஏதும் கழண்டு போகப்போகுதோ?" என்று அம்மா கேட்டா. எனக்கும் அதே பயம்தான். வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த வெளியேற்றத்தில் இறங்கி, உருட்டி உருட்டி ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். சில்லுகளுக்கு பலன்சிங் செய்யவேண்டும் என்றார்கள். செய்தார்கள். 140 டொலர். நான் ஒரு சனிக்கிழமை முழுக்கக் கால்கடுக்க நின்று உழைத்த காசு. ஆனால் நடுக்கம் போய்விட்டது, அதனால் சந்தோஷமாகவே கொடுத்தேன்.

மூன்று கிழமை கழித்து மறுபடி ஸ்னோ. மறுபடி அதே நடுக்கம்!

இந்த முறை சித்தப்பாவிடம் சொன்னேன். இருபது வருஷம் ராக்சி ஓடியவர். ரிம்மின் பின்பக்கம் கையை விட்டு, கல்லுமாதிரி இறுகிய ஸ்னோவை ஒரு பிடி பிடுங்கி எடுத்தார். "இதுதான்ரா உன்ர 140 டொலர்" என்றார்.

விஷயம் மிக எளிது. ஸ்னோ ரிம்மின் உட்பக்கத்தில் போய் அடையும். பிரேக் சூட்டில் கொஞ்சம் உருகும். காரை நிறுத்தியதும் அந்த ஈரம் கீழ்ப்பக்கம் வடிந்து, அங்கேயே உறையும். ஆக, சில்லின் ஒரு பக்கம் மட்டும் பாரம் கூடிவிடும். 100 கிலோமீற்றர் வேகத்தில் சில்லு விநாடிக்குக் கிட்டத்தட்ட 14 தரம் சுற்றுகிறது. ரிம்மில் ஒட்டிய வெறும் 100 கிராம் ஸ்னோ, அந்த வேகத்தில் ஏறக்குறைய 15 கிலோ பாரம் மாதிரி இழுக்கும். நடுங்காமல் என்ன செய்யும்?

அப்போ கராஜில் எப்படிச் சரிவந்தது? உள்ளே சூடு, ஸ்னோ தானாக உருகிவிட்டது! அவர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பலன்சிங்தான் குணப்படுத்தியது என்று அவர்களும் நம்பியிருக்கலாம். ஆனால் வணிகவியல் படிக்கிற எனக்கு ஜோர்ஜ் அக்கலோஃப் 1970இல் எழுதிய கட்டுரை ஞாபகம் வந்தது. பழைய கார் விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் சந்தை எப்படிக் கெடும் என்று காட்டியவர். 2001இல் நோபல் பரிசும் வாங்கினார். அதைப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவன், சொந்தக் காரின் சில்லுக்குள் குனிந்து பார்க்கவில்லை :-(

என் கருத்து இதுதான். கண்ணாடியைத் துடை, கூரையைத் துடை என்று எல்லாரும் சொல்லித் தருகிறார்கள். சில்லை யாரும் சொல்வதில்லை. கார் ஓடப் பழக்குபவர்கள் இந்த ஐந்து நிமிட வேலையையும் பழக்கவேண்டும். புதிதாக இந்த நாட்டுக்கு வந்து, முதல் குளிரில் பழைய கார் வாங்கி ஓடும் ஒருவருக்கு 140 டொலர் சின்னக் காசில்லை.

செய்யவேண்டியது கொஞ்சம்தான். ஸ்னோ தூரிகையின் பிடியாலோ பிளாஸ்ரிக் சுரண்டியாலோ ரிம்மின் உட்பக்கத்தைச் சுரண்டுங்கள். ரயருக்கு மேலே இறுகிய கட்டிகளையும் தட்டிவிடுங்கள். அவை ரயரில் உரசும், ஸ்ரியரிங் முழுக்கத் திரும்பாது. சுத்தியல் வேண்டாம். கொதிதண்ணீரும் வேண்டாம், அது திரும்ப உறைந்துவிடும். முடியாவிட்டால் சுடுதண்ணீர் அடிக்கும் கார்வோஷுக்குக் கொண்டுபோங்கள்.

ஒன்று மட்டும் கவனம். ஸ்னோவை எடுத்த பிறகும் நடுங்கினால் சாட்டுச் சொல்லாமல் கராஜுக்குப் போங்கள். முக்கியமாக, குளிர்கால ரயர் மாற்றிய புதிதில் நட்டு இளகியிருக்கலாம். அப்போ அம்மாவின் பயம் உண்மையாகிவிடும்.

மற்றபடி, முதலில் குனியுங்கள். பிறகு பேர்ஸைத் திறக்கலாம்.