ஜவ்வாது மலைக்குத் தனிக் கணக்கு வேண்டும்

பெருங்குடலிலும் மலக்குடலிலும் வரும் புற்றுநோய், உலகில் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் மூன்றாவது இடத்தில் இருக்கிறது. உயிரைப் பறிப்பதில் அதற்கு இரண்டாவது இடம். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி, 2022 ஆம் ஆண்டில் மட்டும் 19 லட்சம் பேருக்கு இந்நோய் புதிதாக வந்தது. 9 லட்சம் பேர் இறந்தனர். இந்தச் சுமை எல்லா நாடுகளிலும் ஒரே அளவாக இல்லை. டென்மார்க், நார்வே, ஹங்கேரி ஆகிய நாடுகளில், வயது வேறுபாட்டைச் சமன்செய்து பார்த்தால், ஆண்டுக்கு லட்சம் பேரில் 40 பேர் அளவுக்கு இந்நோய் வருகிறது. இந்தியாவில் அதே கணக்கு லட்சத்துக்கு 5 பேர் அளவில் நிற்கிறது.

இந்தச் சிறிய எண்ணை நம்பித்தான் நம் நாட்டின் புற்றுநோய்த் தடுப்புத் திட்டங்கள் வகுக்கப்பட்டிருக்கின்றன. 2016 இல் மத்திய அரசு வகுத்த வழிமுறையில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கு மட்டுமே பரிசோதனை. 2023 நவம்பரில் ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் தமிழக அரசு தொடங்கிய வீடு தேடி அழைக்கும் பரிசோதனையும் இந்த மூன்றோடு நின்றது. அதில் தவறில்லை. பணமும் ஆளும் குறைவாக இருக்கும்போது, அதிகம் கொல்லும் நோயை முதலில் கவனிப்பதுதான் முறை. நாம் எழுப்பும் கேள்வி வேறு. இந்த ஐந்து என்ற எண் யாரை எண்ணிக் கிடைத்தது? ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரிலும் அதைச் சுற்றிய மலைக் கிராமங்களிலும் வாழ்பவர்கள் அதில் எங்கே இருக்கிறார்கள்?

புற்றுநோயாளிகளை எண்ணுவதில் தமிழ்நாடு மற்ற மாநிலங்களுக்கு முன்னோடி. அடையாறு புற்றுநோய் நிலையம் 1980களின் தொடக்கத்திலேயே சென்னை நகரத்துக்கான பதிவேட்டை ஆரம்பித்தது. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையில் 2003 இல் கிராமப்புறத்துக்கென ஒரு பதிவேடு தொடங்கப்பட்டது. அங்கே ஆண்களிடம் இரைப்பைப் புற்றுநோயும் பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோயும் முன்னே நின்றதைக் கண்ட பிறகுதான், நகரத்தின் நோயும் கிராமத்தின் நோயும் ஒன்றல்ல என்பது நமக்கு எண்களாகத் தெரிந்தது. 2012 முதல் மாநிலம் முழுவதும் பதிவேட்டின் கீழ் வந்துவிட்டது. இத்தனை பெரிய மக்கள்தொகையை எண்ணும் வேலையைச் சத்தமில்லாமல் செய்துவரும் மருத்துவர்களுக்கும் பதிவாளர்களுக்கும் இந்த மாநிலம் கடமைப்பட்டிருக்கிறது.

ஆனால் அந்தப் பதிவேட்டின் அட்டவணைகள் மாவட்டவாரியானவை. ஜவ்வாது மலையோ திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என மூன்று மாவட்டங்களுக்குப் பிரிந்து கிடக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி 24.6 லட்சம் பேர். அந்தக் கூட்டத்துக்குள் மலையில் வாழும் சில பத்தாயிரம் பேர் கரைந்துபோகிறார்கள். செங்கத்து விவசாயியும் ஆரணி நெசவாளியும் ஜமுனாமரத்தூர் மலையாளிப் பழங்குடிப் பெண்ணும் சேர்ந்து ஒரே சராசரியாகிறார்கள். அந்தச் சராசரி மலையைப் பற்றி எதையும் சொல்லாது.

மலையில் இந்நோய் உண்மையிலேயே மிகக் குறைவாக இருக்கலாம். அப்படி நினைக்க நல்ல காரணங்கள் உண்டு. உடல் நோக உழைக்கும் மக்கள் அவர்கள், பருமன் குறைவு. தலைமுறைகளாகச் சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் கீரையும் மொச்சையும் உண்டு வளர்ந்த குடல் அது. ஆப்பிரிக்காவில் பல ஆண்டுகள் அறுவை மருத்துவராக இருந்த டெனிஸ் பர்கிட், 1971 இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் சுட்டிக்காட்டினார்: நார்ச்சத்து மிகுந்த உணவு உண்ணும் ஆப்பிரிக்கக் கிராமத்தினரிடம் பெருங்குடல் புற்றுநோய் அரிது. பின்னர் 2015 இல் வெளிவந்த ஓர் ஆய்வு அதை வேறு விதமாகச் சோதித்தது. கறுப்பின அமெரிக்கர்கள் 20 பேரும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தினர் 20 பேரும் இரண்டு வாரங்களுக்குத் தங்கள் உணவை மாற்றிக்கொண்டனர். அந்த இரண்டே வாரத்தில் குடலின் உள்சவ்விலும் அங்கு வாழும் நுண்ணுயிர்களின் செயல்பாட்டிலும், நோய் அபாயத்தோடு தொடர்புள்ள அடையாளங்கள் தலைகீழாயின. நார் உண்ணத் தொடங்கிய அமெரிக்கர்களுக்கு அவை குறைந்தன. கொழுப்பும் இறைச்சியும் உண்ணத் தொடங்கிய கிராமத்தினருக்குக் கூடின.

குறைவாகத் தெரிவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். அது கசப்பானது. நோய் இருந்தும் யாரும் கண்டுபிடிக்காமல் போயிருக்கலாம். பதிவேட்டில் ஒரு பெயர் ஏற வேண்டுமானால் அவர் மருத்துவமனைக்கு வந்திருக்க வேண்டும். உள்நோக்கிக் குழாய் செலுத்திப் பார்த்திருக்க வேண்டும். எடுத்த சதைத் துணுக்கை ஆய்வகம் பார்த்திருக்க வேண்டும். மலையிலிருந்து போளூருக்கோ ஆலங்காயத்துக்கோ இறங்கவே ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியவர், இந்தப் படிகள் அத்தனையையும் தாண்டி வருவாரா? 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு அருகே அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தை மருத்துவமனை சேருமுன் இறந்தது. சாலை இல்லாததால் பெற்ற தாய் அந்த உடலைச் சுமந்து நடந்ததை நாடே பார்த்தது. பாம்புக்கடிக்கே மலையிறங்க வழியில்லாத இடத்தில், ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும் குடல் கட்டி எப்படிக் கணக்கில் வரும்? வயிறு வீங்கி, மெலிந்து, வீட்டிலேயே இறந்தவருக்கு என்ன நோய் என்று எழுதுவார்கள்?

கண்டறியாமை வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது. விடியுமுன் காட்டுப்பக்கம் ஒதுங்குபவர் மலத்தில் ரத்தம் போவதைக் கவனிப்பதே அரிது. கவனித்தாலும் சூட்டினால் என்பார்கள், மூலம் என்பார்கள், சீதபேதி என்று கைமருந்து சாப்பிடுவார்கள். பெண்கள் வெட்கத்தால் சொல்லவே மாட்டார்கள். ரத்தம் கண்ணுக்குத் தெரியாமல் கசிந்தால் சோகை வரும். மலையில் சோகைக்கு ஊட்டக் குறைவும் குடற்புழுவும் பெரிய காரணங்கள் என்பதால், இரும்புச்சத்து மாத்திரையோடு அந்த விசாரணை முடிந்துவிடுகிறது. ஐம்பது வயது ஆணுக்கு ஏன் இவ்வளவு சோகை என்று யாரும் நின்று கேட்பதில்லை.

ஆக, குறைவு என்ற சொல்லுக்குள் நல்வாய்ப்பும் இருக்கலாம், புறக்கணிப்பும் இருக்கலாம். இரண்டில் எது எவ்வளவு என்பது, தனியாக எண்ணிப் பார்க்கும் வரை தெரியாது.

பழங்குடி மக்கள் என்றால் இந்நோய் அவர்களை அண்டாது என்ற எண்ணத்தை அலாஸ்கா உடைத்துப்போட்டது. உலகிலேயே பெருங்குடல் புற்றுநோய் மிக அதிகமாகப் பதிவாகியிருப்பது அங்குள்ள பூர்வகுடிகளிடம்தான். இது எப்படித் தெரிந்தது? அமெரிக்காவின் பொதுச் சராசரியைப் பார்த்து அல்ல. 1969 முதலான நோயாளிகளைச் சேர்த்து, பூர்வகுடிகளுக்கென்றே ஒரு தனிப் பதிவேட்டை அவர்கள் வைத்திருக்கிறார்கள். தெரிந்ததால் செயல்பட முடிந்தது. அமெரிக்காவில் மற்றவர்களுக்கு 45 வயதில் தொடங்கும் பரிசோதனை, அவர்களுக்கு 40 வயதிலேயே பரிந்துரைக்கப்படுகிறது. அலாஸ்காவின் உணவும் வாழ்வும் வேறு, ஜவ்வாது மலையின் வாழ்வு வேறு. அங்கு அதிகம் என்பதால் இங்கும் அதிகம் என்று நாம் சொல்லவில்லை. தனியாக எண்ணினால்தான் உண்மை தெரியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

குறைவாக இருக்கும் நோய் குறைவாகவே இருந்துவிடும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. ஒரு காலத்தில் ஜப்பானில் இந்நோய் மேலை நாடுகளைவிட மிகக் குறைவு. ஹவாய்க்குக் குடியேறிய ஜப்பானியர்களிடம் ஓரிரு தலைமுறைகளிலேயே அது வெள்ளையர்களின் அளவுக்கு உயர்ந்ததை 1960களிலேயே ஆய்வாளர்கள் எழுதினர். பின்னர் ஜப்பானிலேயே உயர்ந்தது. இன்று உலகில் அதிகம் உள்ள நாடுகளில் அதுவும் ஒன்று. அதே மக்கள், அதே மரபணு. தட்டும் வேலையும் மாறின. சென்னையின் பதிவேட்டிலும் பெருங்குடல் புற்றுநோயின் கோடு மேல்நோக்கித்தான் போகிறது.

ஜவ்வாது மலையில் தட்டு மாறிக்கொண்டிருக்கிறது. இந்த மலையின் சாமைக்குப் பெயர் உண்டு. உமியும் தவிடும் நீக்கி, பொட்டலமாகி, அது நகரத்துக் கடைகளுக்குப் போகிறது. மலையில் ரேஷன் அரிசி வேகிறது. விலையில்லா அரிசியை நாம் குறை கூற மாட்டோம். சாமை மட்டுமே தின்ற காலம், ஆண்டில் சில மாதங்கள் பட்டினி கிடந்த காலமும்தான். அதைப் பொற்காலம் என்று வர்ணிப்பவர்கள் மலையில் பசித்திருந்தவர்களைக் கேட்டுப் பார்க்கட்டும். ஆனால் பசியைப் போக்குவதற்கு வெள்ளை அரிசி ஒன்றுதான் வழி என்று யார் சொன்னது? நாளொன்றுக்கு 90 கிராம் முழுத்தானியம் உண்பவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 17 சதவீதம் குறைகிறது என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் 2017 இல் அறிவித்தது. 2023 இல், சிறுதானிய ஆண்டில், நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. சாமை விளையும் ஜமுனாமரத்தூர் ரேஷன் கடைகளிலும் அங்கன்வாடிகளிலும், அதிகம் தீட்டப்படாத சாமையை அந்த மலை விவசாயிகளிடமே வாங்கித் தருவது இதைவிடக் கடினமான காரியமா? திருப்பூருக்கும் கேரளத்துக்கும் கர்நாடகத் தோட்டங்களுக்கும் கூலிக்குப் போய்த் திரும்பும் இளைஞர்களிடம் மதுவும் பொட்டலத் தீனியும் சேர்கின்றன. மது இந்நோய்க்கு நிரூபிக்கப்பட்ட காரணங்களில் ஒன்று.

தாமதத்துக்கு விலை உண்டு. நோய் குடல் சுவரோடு நிற்கும்போது கண்டுபிடித்தால், அமெரிக்கக் கணக்குப்படி பத்தில் ஒன்பது பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிய பின் வந்தால் ஏழில் ஒருவர்தான். மும்பை டாடா நினைவு மருத்துவமனைக்கு ஓராண்டில் வந்த 800 நோயாளிகளை ஆராய்ந்தபோது சராசரி வயது 47 என்று தெரிந்தது. இந்தியாவின் மக்கள்தொகையே இளையது என்பதும் அதற்கு ஒரு காரணம். ஆனாலும் 47 என்பது குடும்பத்தைத் தாங்கும் வயது. அவர்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தினருக்குக் கட்டி மலக்குடலில் இருந்தது. மலக்குடலின் கீழ்ப்பகுதியில் உள்ள கட்டியை, கையுறை அணிந்த மருத்துவரின் விரலே தொட்டுணர்ந்துவிடும். அதற்கு எந்திரம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம்.

எனவே ஜவ்வாது மலை முழுவதும் எல்லோருக்கும் பெருங்குடல் பரிசோதனை நடத்த வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. நோய் குறைவாக உள்ள இடத்தில் அது பணத்தையும் மருத்துவர் நேரத்தையும் விழுங்கும். மூலத்தால் ரத்தம் கசிந்தவர்களை வீணாக அலைக்கழிக்கும். நாம் கேட்பது எளியது. மாநிலப் பதிவேடு மலைவாழ் பழங்குடியினரைத் தனியே பிரித்துக் கணக்குக் காட்ட வேண்டும். ஐம்பதாயிரம் பேர் உள்ள பகுதியில் தேசிய விகிதப்படியே நோய் வந்தாலும் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேர்தான் வருவார்கள். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்று புள்ளியியலாளர்கள் சொல்வார்கள். சரியான வாதம். அதற்கு விடையும் கையில் இருக்கிறது. ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை, ஏற்காடு, பச்சைமலை, சித்தேரி எனப் பரவி வாழும் மலையாளிப் பழங்குடியினர் 2011 கணக்குப்படி மூன்றரை லட்சம் பேருக்கு மேல். மாநிலத்தின் பழங்குடியினரில் ஏறத்தாழ பாதி. அத்தனை மலைகளையும் சேர்த்து ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து எண்ணினால், நம்பத்தக்க ஒரு விகிதம் கிடைக்கும். வீட்டில் நிகழும் மரணங்களுக்கு, குடும்பத்தாரிடம் பேசிக் காரணத்தைக் கண்டறியும் முறையும் இதோடு சேர வேண்டும்.

எண்ணி முடியும் வரை மலை காத்திருக்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டு முதல் வீடு வீடாகச் செல்லும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர், ரத்த அழுத்தம் பார்க்கும்போதே இன்னும் இரண்டு கேள்விகள் கேட்கலாம்: மலத்தில் ரத்தம் போகிறதா, மலம் கழியும் விதம் சில வாரங்களாக மாறியிருக்கிறதா? ஆம் என்பவரை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் விரலால் பரிசோதிக்காமல் மூல மாத்திரை கொடுத்து அனுப்பக் கூடாது. பெண்களைப் பரிசோதிக்கப் பெண் மருத்துவர் வேண்டும். சந்தேகம் இருந்தால் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பும் சீட்டோடு, வாகனமும் துணைக்கு ஓர் ஆளும் இழக்கும் நாளுக்குக் கூலியும் தர வேண்டும். காப்பீட்டு அட்டை சிகிச்சைச் செலவை ஏற்கும். மலையிறங்கும் செலவை ஏற்காது. அந்த இடைவெளியில்தான் மனிதர்கள் இறக்கிறார்கள்.

சுகாதாரத் துறையும் பழங்குடியினர் நலத் துறையும் அடையாறு புற்றுநோய் நிலையமும் ஒரே மேசையில் அமர்ந்து, பதிவேட்டின் அடுத்த அறிக்கையிலேயே மலைவாழ் பழங்குடியினருக்கென்று ஓர் அட்டவணை வரச் செய்ய வேண்டும். இந்த முடிவை முதலமைச்சர் தாமதமின்றி எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.