கற்பிக்கப் போகிறவர் முதலில் கற்கட்டும்



பிறருக்குத் தொண்டு செய்யப் புறப்படுவோரில் பலர், தம்மிடம் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது என்பதையே எண்ணிப் புறப்படுகின்றனர். போகுமிடத்தில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று எண்ணுவோர் சிலரே. இந்தக் குறையை உணர்ந்து அமைத்த ஒரு பயிற்சி முறை நம் சிந்தனைக்கு உரியது.

மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் முஸ்லிம்கள். அமெரிக்க அரசு 1961ஆம் ஆண்டு தொடங்கிய 'பீஸ் கோர்' என்னும் அமைப்பின் தொண்டர்கள் 1963 முதல் அங்கே சென்று வருகின்றனர். வேளாண்மை, உடல்நலம் முதலிய துறைகளில் ஈராண்டுகள் பணிபுரிவதற்கு முன்னர் அவர்களுக்கு ஏறத்தாழ மூன்று மாதப் பயிற்சி உண்டு. அதில் பெரும்பகுதி வகுப்பறையில் அன்று, உள்ளூர்க் குடும்பங்களின் வீடுகளில் கழிகிறது. அட்லாண்டிக் கரையில் அமைந்த ம்பூர் போன்ற மீனவ ஊர்களும் இத்தகைய பயிற்சிக்கு இடமளித்துள்ளன.

பட்டம் பெற்று வந்திறங்கும் இளைஞர், அந்த வீட்டின் வாசலைக் கடந்ததும் குழந்தையாகிவிடுகிறார். குடும்பத்தார் அவருக்கு மூஸா என்றோ ஃபாத்து என்றோ புதுப்பெயர் இடுகின்றனர். பாங்கொலியோடு வீடு விழித்துக்கொள்கிறது. வாளித் தண்ணீரில் குளித்துவிட்டு, காலையில் நாலைந்து பேராக அமர்ந்து வொலோஃப் மொழி பயில்கிறார். கற்ற சொற்களோடு வீடு திரும்பினால், பிழையான உச்சரிப்பைக் கேட்டு வீட்டுச் சிறுவர்கள் சிரிக்கின்றனர். பின்னர் திருத்தியும் விடுகின்றனர். மாலையில் மூன்று சுற்றாகக் காய்ச்சும் தேநீருக்குப் பொறுமையோடு காத்திருக்கவும் பழகுகிறார்.

நண்பகலில் சோறும் மீனும் காய்கறியும் ஒரே பெருந்தட்டில் வருகின்றன. 'செபு ஜென்' எனப்படும் இவ்வுணவை யுனெஸ்கோ 2021இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் சஹனைச் சுற்றி அமர்ந்து உண்டவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்க வேண்டும். வலக்கையால் உண்ண வேண்டும். தன் முன்னுள்ள பகுதியைத் தாண்டிக் கை நீளக் கூடாது. வீட்டுத் தாயார் நடுவிலிருக்கும் மீனைப் பிய்த்து விருந்தினரின் பக்கம் நகர்த்தி வைப்பார். தம் இல்லத்தில் வளர்ந்த சிறுவர் உமர் இப்னு அபீ ஸலமாவுக்கு நபி (ஸல்) அவர்கள் கற்பித்த அதே ஒழுங்கு, கடல் கடந்து வந்த ஓர் அந்நியருக்கும் அங்கே சொற்பொழிவின்றிக் கற்பிக்கப்படுகிறது.

வொலோஃப் மொழியில் ஸலாமுக்குப் பின் நலம் விசாரிப்பது நீண்டு செல்லும். "வீட்டார் எங்கே?" என்று கேட்பது வழக்கம், "அங்கே இருக்கிறார்கள்" என்பது மறுமொழி. பயிற்சியின் முதல் வாரத்தில் மனனம் செய்யும் இச்சொற்றொடரின் கனம் அப்போது விளங்காது. அதே கரையில் மீன்வளம் குறைந்து வருகிறது. பிழைப்புத் தேடி இளைஞர்கள் மரப்படகுகளில் ஸ்பெயினின் கனரித் தீவுகளை நோக்கிப் புறப்படுகின்றனர். 2024 செப்டம்பரில் ம்பூர்க் கடற்பகுதியில் அத்தகைய ஒரு படகு கவிழ்ந்து பலர் மாண்டனர். மகன் கடல்மேல் சென்ற வீட்டிலும் அதே கேள்வி கேட்கப்படுகிறது. அதே மறுமொழிதான் சொல்லப்படுகிறது. வெளிநாட்டு இளைஞர் ஒருவர் விமானத்தில் வந்திறங்கும் கரையிலிருந்து உள்ளூர் இளைஞர் உயிரைப் பணயம் வைத்து வெளியேறுகிறார். இதை அறியாத தொண்டர், அந்த வீட்டாருக்கு எதைக் கற்பித்து என்ன பயன்?

மூன்று மாதத்தில் ஒரு சமூகத்தை அறிந்துவிட முடியுமா என்று சிலர் வினவலாம். முடியாதுதான். அக்குடும்பங்களுக்கு உணவுக்கும் தங்குமிடத்துக்கும் பணம் தரப்படுகிறதே என்றும் கூறலாம். உண்மையே. ஆனால் தட்டின் நடுவிலிருந்து நகர்ந்து வரும் மீன்துண்டுக்கு எந்த ஒப்பந்தத்திலும் விலை எழுதப்படுவதில்லை. 'தெராங்கா' என்று அம்மக்கள் பெருமையோடு சொல்லும் விருந்தோம்பல் அது. தொண்டர் என்ற பெயர் வந்தவருக்குக் கிடைக்கிறது. அவரை மனிதரோடு மனிதராக வாழப் பழக்கிய தாய்க்கு எந்தப் பட்டமும் கிடைப்பதில்லை. பயிற்சியின் உண்மையான ஆசிரியை அவரே என்பது என் கருத்து.

ஆகவே சகோதர சகோதரிகளே, நிவாரணப் பொருளோடும் நல்லெண்ணத்தோடும் பிறர் ஊருக்குச் செல்லும் நாம், ஒன்றை மனத்தில் கொள்வோம். கொடுப்பதற்கு முன் அவர்களுடைய தட்டில் ஒருவேளை உண்போம். அறிவுரை கூறுமுன் வீட்டார் நலம் கேட்போம். மறுமொழி வரும்வரை காத்திருப்போம். உதவி பெறுபவரிடம் கற்றுக்கொள்ள மறுக்கும் உள்ளத்தில் பெருமை குடியேறிவிடும். பெருமை கலந்த தர்மம் வாங்குபவரைத் தாழ்த்தும்; கொடுப்பவரின் நன்மையையும் அழிக்கும்.

பணிவோடு தொண்டாற்றும் பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக!