பிரம்பால் மூளை வளராது

கொஞ்சம் நீளமான பதிவு. கோபம் வந்தாலும் கடைசி வரை வாசித்துவிட்டு ஏசுங்கள்.

ஒரு பிள்ளை வகுப்பில் ஐந்து நிமிடம் ஒரே இடத்தில் இருக்க மாட்டான். கொப்பியில் அரை வரி எழுதிவிட்டு எழும்பி ஓடுவான். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். புதுச் சட்டையின் கொலர் கழுத்தில் உரசினால் அழுவான். இப்படி ஒரு பிள்ளைக்கு எங்கள் ஊரில் மூன்று தீர்ப்புகள் தயாராக இருக்கின்றன. "குழப்படிகாரன்." "உம்மா செல்லம் குடுத்துக் கெடுத்திட்டா." "கண்ணூறு பட்டிருக்கு, ஓதிப் பாருங்கோ." முதலாவதற்குப் பிரம்பு, இரண்டாவதற்கு உம்மாவுக்கு ஏச்சு, மூன்றாவதற்கு கையில் ஒரு நூல். பிள்ளை மட்டும் அப்படியே இருக்கிறான்.

துஆ கேட்பதை நான் குறை சொல்லவில்லை. காய்ச்சல் வந்தால் ஓதியும் பார்க்கிறோம், டொக்டரிடமும் போகிறோம். மூளை விசயத்தில் மட்டும் ஏன் பாதியோடு நிற்கிறோம்?

2007இல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனம் ஓர் ஆய்வை வெளியிட்டது. கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் உள்ள 223 பிள்ளைகளின் மூளைப் படங்களை, அந்தப் பிரச்சினை இல்லாத 223 பிள்ளைகளின் படங்களோடு ஒப்பிட்டார்கள். மற்றப் பிள்ளைகளின் மூளைப் புறணி சராசரியாக ஏழரை வயதில் எட்டிய வளர்ச்சிக் கட்டத்தை இந்தப் பிள்ளைகள் பத்தரை வயதில்தான் எட்டினார்கள். மூன்று வருடப் பிந்தல். கவனத்தையும் பொறுமையையும் ஆளும் முன்மூளையில்தான் பிந்தல் அதிகம். உடலை அசைக்கும் பகுதியோ கொஞ்சம் முந்தியே முதிர்ந்திருந்தது. அதாவது எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டது, பிரேக் இன்னும் பூட்டி முடியவில்லை. வளர்ச்சியின் ஒழுங்கு ஒன்றுதான், காலம்தான் பிந்துகிறது.

இப்போது எங்கள் தரம் 5 புலமைப்பரிசிலை நினைத்துப் பாருங்கள். பத்து வயது. சரியாக அந்த வயதில்தான் நாங்கள் இந்தப் பிள்ளையை மணிக்கணக்கில் வாங்கில் இருத்தி, பின்னேரம் ரியூசனுக்கும் அனுப்பி, வெட்டுப்புள்ளி வராவிட்டால் "மக்கு" என்று முத்திரை குத்துகிறோம். விளையாட்டு நேரத்தையும் பறித்துவிடுகிறோம். ஓடி ஆடும் உடலில்தான் கவனம் கூடும். அதையே தண்டனையாக நிறுத்துவது என்ன படிப்பு?

இன்னொரு கூட்டம், "நடுமூளையைத் தூண்டுகிறோம், கண்ணைக் கட்டினாலும் வாசிப்பான்" என்று காசு கேட்கிறது. மூக்கோரம் இடைவெளி இருந்தால் யாரும் வாசிக்கலாம். சிறப்பு டொனிக், ஞாபகசக்தி மாத்திரை என்று விற்பவர்களிடமும் ஏமாறாதீர்கள்.

மூளைக்கு உண்மையில் உதவுபவை விலை குறைந்தவை. நேரத்துக்கு நித்திரை. ஒரு தடவைக்கு ஒரே ஒரு கட்டளை. பத்துக் கணக்கை மூன்று மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது. யன்னலுக்குத் தள்ளி முன் வாங்கில் இடம். செய்து முடித்த அந்த நிமிடமே ஒரு பாராட்டு. சத்தம் தாங்காத பிள்ளைக்கு மணி அடிக்க முன் ஒரு எச்சரிக்கை, ஒதுங்கி இருக்க ஒரு மூலை. அவன் அடங்குவதற்காகக் கையில் போனைக் கொடுக்காமல், ஊஞ்சலில் ஆடவிடுங்கள், தண்ணீர் வாளி தூக்கவிடுங்கள். சில பிள்ளைகளுக்கு மருந்தும் தேவைப்படும். அதை முடிவு செய்ய வேண்டியது வைத்தியர். பக்கத்து வீட்டுக்காரர் அல்ல.

அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாடசாலையில் உடல் ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலும் 2016இலும் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. மத்ரஸாவுக்குச் சுற்றறிக்கை வராவிட்டால் சுன்னா இருக்கிறதே. குழந்தையின் அழுகுரல் கேட்டு, அதன் தாய் தவிப்பாரே என்று தொழுகையையே சுருக்கியவர்கள் எங்கள் நபி (ஸல்). கண் தெரியாத ஸஹாபியிடம் முகம் சுளித்ததற்காக அல்லாஹ் ஒரு ஸூராவையே இறக்கினான். இதை மிம்பரில் சொல்லிவிட்டு, சத்தம் போடும் பிள்ளையைப் பள்ளிவாசலில் இருந்து துரத்துகிறோம்.

துரத்தப்படுவது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியாதா? 1990 ஒக்ரோபர் 30, யாழ் நகர முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். புத்தளத்து முகாம்களில் வளர்ந்து, திரும்பி வந்து, இடிந்த வீட்டைக் கட்டியவர்கள் நாங்கள். "இங்கே உனக்கு இடமில்லை" என்ற வசனத்தை எங்கள் பிள்ளைக்கு நாங்களே சொல்லலாமா? "கலியாணப் பேச்சு குழம்பும்" என்று வீட்டுக்குள் ஒளித்து வைப்பதும் அதே வசனம்தான். கோண்டாவிலில் சிவபூமி பாடசாலையைப் பாருங்கள். விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்காக எங்கள் அயலவர்கள் வெளிப்படையாக, பெருமையோடு நடத்துகிறார்கள்.

மூன்று கோரிக்கை. பெற்றோரே, சந்தேகம் இருந்தால் தள்ளிப் போடாமல் குடும்ப நல உத்தியோகத்தரிடம் அல்லது எம்.ஓ.எச். கிளினிக்கில் சொல்லுங்கள். யாழ் போதனா வைத்தியசாலைக்கு அனுப்ப அவர்களுக்கு வழி தெரியும். ஆசிரியர்களே, மௌலவிமாரே, பிரம்பை இன்றோடு வையுங்கள். பள்ளி நிர்வாகமே, ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு சிறுவர் வைத்தியரை அழைத்து அரை மணி நேரம் பேச வையுங்கள், பெண்களுக்கும் இடம் ஒதுக்கி.

லைக் வேண்டாம். இப்படி ஒரு பிள்ளை உள்ள வீட்டுக்கு இதை அனுப்பிவிடுங்கள். அந்த உம்மாவிடம் பேசும்போது "நீ செல்லம் குடுத்ததுதான்" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.