முறுக்கு விசையும் முறுக்கும்

புணேயிலிருந்து நாசிக் போகும் நெடுஞ்சாலையில் சுமார் 30 கி.மீ. தள்ளி இருக்கிறது சாகண். வெங்காய மண்டிக்குப் பேர் போன ஊர். இன்று அதைவிடக் கார்களுக்கு. ஃபோக்ஸ்வாகன், மெர்சிடிஸ் பென்ஸ், மஹிந்திரா, பஜாஜ் என்று வரிசையாக ஆலைகள். அங்கே அசெம்பிளி லைனில் நிற்பவரிடம் சக்கர நட்டை "நன்றாக இறுக்கு" என்று யாரும் சொல்வதில்லை. இத்தனை நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை என்று கணக்கு உண்டு. குறைந்தால் நட்டு கழன்றுகொள்ளும். கூடினால் போல்ட் இழுபட்டு அறுந்துவிடும்.

இதே கணக்கு பல் மருத்துவரின் நாற்காலியிலும் உண்டு. விழுந்த பல்லுக்குப் பதிலாக வைக்கப்படும் இம்ப்ளாண்ட் என்பது தாடை எலும்பில் பதிக்கப்படும் டைட்டானியம் திருகு. அதன் தலையில் ஓர் இணைப்புத் துண்டு. அதைப் பிடித்து நிறுத்துவது இன்னொரு குட்டித் திருகு. எல்லாவற்றுக்கும் மேலே பல் வடிவக் கேப். அந்தக் குட்டித் திருகைப் பெரும்பாலும் 20 முதல் 35 நியூட்டன் சென்டிமீட்டர் வரை இறுக்குகிறார்கள். கார் சக்கர நட்டுக்குத் தேவைப்படுவதில் சுமார் 300ல் ஒரு பங்கு. ஆனால் விதி ஒன்றேதான். இறுக்கும்போது திருகு மிகமிகச் சிறிதளவு நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும் அந்த இழுவைதான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. இறுக்கிய சில நிமிடங்களில் இழுவை கொஞ்சம் தளரும். அதனால்தான் விஷயம் தெரிந்த மருத்துவர் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி ஒரு தடவை இறுக்குகிறார்.

டைட்டானியத்துக்கும் எலும்புக்கும் உள்ள சிநேகத்தை உலகுக்குச் சொன்னவர் ஸ்வீடனின் பிரோனமார்க். 1952ல் முயலின் காலில் வைத்த டைட்டானியக் கருவி எலும்போடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. 1965ல் முதல் நோயாளிக்கு இம்ப்ளாண்ட் வைத்தார். அந்த மனிதர் 2006ல் இறக்கும் வரை அவை வேலை செய்தன. நாற்பது வருஷத்துக்கும் மேல்! உலோகம் சாதாரணமாகத் தோற்பதில்லை. தோற்பது, அதன் மேல் விசை விழும் விதம்.

முதல் வாரங்களைப் பாருங்கள். இம்ப்ளாண்ட் வைத்த அன்று அது இறுக்கமாகவே இருக்கும். காரணம், மரத்தில் முறுக்கிய ஸ்குரூ போல எலும்பைக் கவ்வியிருக்கிறது. அடுத்த சில வாரங்களில் உடல் அந்தப் பழைய எலும்பைக் கரைத்துப் புது எலும்பை வளர்க்கிறது. பழையது தளர்ந்து, புதியது முற்றாத இடைவெளி ஒன்று வருகிறது. பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது வாரம். வலி போய், வீக்கம் வடிந்து, நோயாளி தெம்பாக இருக்கும் நேரமும் அதுதான். தீபாவளிக்கு வந்த முறுக்கு கண்ணில் படுகிறது. தற்காலிகப் பல்லால் நறுக்கென்று ஒரு கடி. ஒன்றும் ஆகவில்லை என்று நினைக்கிறார். ஆனால் 150 மைக்ரானுக்கு மேல், அதாவது ஒரு தலைமுடியின் தடிமனைத் தாண்டி, இம்ப்ளாண்ட் திரும்பத் திரும்ப அசைந்தால் அதைச் சுற்றி எலும்பு வளராது, நார்த்திசு வளரும். ஆடும் திருகை அப்புறம் எந்த முறுக்கு விசையாலும் காப்பாற்ற முடியாது. பிரோனமார்க் கீழ்த்தாடைக்கு மூன்று மாதத்துக்குக் குறையாமலும், மேல்தாடைக்கு இன்னும் அதிகமாகவும் காத்திருக்கச் சொன்னது இதற்காகத்தான்.

"ஒரே நாளில் பல்" என்ற விளம்பரங்களை அப்படியானால் நம்பலாமா? அது மோசடி இல்லை. எலும்பு கெட்டியாக இருந்து, வைக்கும்போதே நல்ல பிடிப்புக் கிடைத்தால் உடனே பல் பொருத்தலாம். பல இம்ப்ளாண்டுகளை ஒன்றாகப் பிணைத்தால் சுமையும் பங்கு போடப்படும். ஒற்றைப் பல் என்றால், எதிர்ப்பல் அதன் மேல் இடிக்காதபடி தற்காலிகப் பல்லைக் கொஞ்சம் குட்டையாக வைப்பார்கள். இந்த நிபந்தனைகள் விளம்பரத்தில் இருப்பதில்லை.

எலும்பு ஒட்டிவிட்டது, நிரந்தரக் கேப்பும் வந்துவிட்டது. இனி கவலை இல்லையா? இயற்கைப் பல் எலும்பில் நேராக நட்டுவைத்த கம்பமல்ல. சுற்றிலும் மெல்லிய நார்களில் தொங்குகிறது. காரின் ஷாக் அப்சார்பர் மாதிரி. சோற்றில் கல் அகப்பட்டால் நாம் யோசிக்கும் முன்பே வாய் திறந்துகொள்வதற்கும் அந்த நார்களில் உள்ள நரம்புகளே முக்கியக் காரணம். இம்ப்ளாண்டுக்கு அந்த நாரும் இல்லை, அதே அளவு உணர்வும் இல்லை. விழுகிற அடி நேராக எலும்புக்குப் போகிறது. அதுவும் முக்கியமாக, ஈறுக்குக் கீழே எலும்பு தொடங்கும் கழுத்துப் பகுதிக்கு.

கழுத்துக்கு ஆகாதது பக்கவாட்டு விசை. சுவரில் அடித்த ஆணியைப் பிடுங்க நாம் என்ன செய்கிறோம்? இடமும் வலமும் ஆட்டுகிறோம். எலும்பும் அழுத்தத்தைத் தாங்கும். இழுவையை அதைவிடக் குறைவாக. நறுக்கும் விசையை எல்லாவற்றையும்விடக் குறைவாக. ஆகவே இம்ப்ளாண்ட் சாய்ந்திருந்தாலோ, கேப் அகலமாக இருந்தாலோ, தூண் இல்லாத பால்கனி போல ஒரு பல்லை வெளியே நீட்டி ஒட்டியிருந்தாலோ ஒவ்வொரு கடியும் ஆணியை ஆட்டுவதுதான். வருஷத்துக்கு லட்சக்கணக்கான கடிகள். கம்பியை மடக்கி மடக்கி உடைப்பது போல, குட்டித் திருகு முதலில் தளரும், பிறகு ஒடியும்.

இதைவிடப் பொல்லாதது தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம். சாப்பாடு அரை மணியில் முடிந்துவிடும். இதற்குக் கணக்கில்லை. கடிப்பவருக்கே பல சமயம் தெரியாது. மனைவியோ அறையில் கூடப் படுப்பவரோதான் சொல்ல வேண்டும்.

அதிகச் சுமை மட்டுமே எலும்பைக் கரைக்குமா என்பதில் ஆய்வாளர்களிடையே வழக்கு உண்டு. 1996ல் டென்மார்க்கின் இசிடோர் குரங்குகளில் செய்த சோதனையில், அளவுக்கு மீறிய கடியால் இம்ப்ளாண்டுகள் பிடிப்பிழந்தன. 2004ல் நாய்களில் நடந்த இன்னொரு சோதனையில் சுமை கூடியும் எலும்பு கரையவில்லை. ஆனால் தளர்ந்த இணைப்பில் கிருமி குடியேறும் என்பதிலும், அழுக்கும் ஈறு வீக்கமும் எலும்பை அரிக்கும் என்பதிலும் சந்தேகமில்லை. புகையும் கட்டுப்படாத சர்க்கரையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

பலருக்கு ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கும் சமாசாரம் இது. இருந்தும் நாம் கேட்பதெல்லாம் "எவ்வளவு ஆகும், எப்போது முடியும்" என்ற இரண்டே கேள்விகள். இன்னும் நான்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். என் எலும்பு எவ்வளவு கெட்டி? எத்தனை பல்லுக்கு எத்தனை இம்ப்ளாண்ட்? திருகை டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குவீர்களா, கை உத்தேசமா? எனக்கு இரவில் மாட்டிக்கொள்ள நைட் கார்டு தேவையா?

கேப் லேசாக ஆடுவது போலத் தோன்றினால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். ஆடுவது பெரும்பாலும் அந்தக் குட்டித் திருகுதான். அன்றைக்கே போனால் பல சமயம் இறுக்கிச் சரி செய்துவிடலாம். விட்டுவிட்டால் ஒடிந்த துண்டை இம்ப்ளாண்டுக்குள்ளிருந்து தோண்டி எடுக்க வேண்டிவரும். அது முடியாமல் போனால் இம்ப்ளாண்டையே எலும்போடு பெயர்த்தெடுக்க நேரலாம்.