ஒவ்வாமையும் தடுப்பூசியும்: மறைத்தலும் வேண்டா, மறுத்தலும் வேண்டா

தடுப்பூசி போடும் நாள் வந்ததும் நம் அங்கத்தினருள் சிலர் தயங்கி நிற்கின்றனர். கருவாடு உண்டால் உடல் அரிக்கிறது, சாயம் பட்டால் கையில் தடிப்பு எழுகிறது, பஞ்சுத் தூசியால் இளைப்பு வருகிறது. ஆகவே ஊசியும் தமக்கு ஆகாது என்பது அவர்கள் முடிவு. வேறு சிலரோ, இவற்றைச் சொன்னால் ஊசி போடாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றெண்ணி வாய் திறப்பதில்லை. இவ்விரண்டும் தவறு என்பதே நமது கருத்து.

ஒவ்வாமையாவது, தீங்கில்லாத பொருளொன்றை உடலின் காவற்படை பகையென்று கொண்டு போர் தொடுத்தலாகும். எதைப் பகையாகக் கொண்டதோ, அப்பொருள் ஊசி மருந்தில் இருந்தால்தான் அச்சத்துக்கு இடமுண்டு. கருவாடும் சாயமும் பஞ்சும் தடுப்பு மருந்தில் இல்லை. சில மருந்துகளில் ஜெலட்டின், நியோமைசின் போன்றவை சிறிதளவு இருக்கின்றன. இவற்றால் முன்பு கடுந்துன்பம் அடைந்தவரும், அதே தடுப்பூசியின் முந்தைய தவணையில் கடுந்துன்பம் அடைந்தவருமே மருத்துவரின் தனி யோசனையைப் பெற வேண்டியவர்கள். முட்டை ஆகாத குழந்தைக்கும் தட்டம்மைத் தடுப்பூசி போடலாம். மஞ்சட்காய்ச்சல் தடுப்பூசி முட்டைக் கருவில் வளர்த்துச் செய்யப்படுவது. ஆதலால் வேலைக்காக ஆப்பிரிக்கா செல்வோர் தமக்கு முட்டை ஆகாதெனில் அதை முன்னரே தெரிவித்தல் வேண்டும்.

ஆபத்தின் அளவு என்ன? அமெரிக்காவில் இரண்டரைக் கோடித் தவணைகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட கணக்கின்படி, ஊசியால் கடும் ஒவ்வாமை அடைந்தோர் 33 பேர். அவருள் எவரும் இறக்கவில்லை. பத்து லட்சம் தவணைக்கு ஒன்றிரண்டு பேர் என்பது இதன் பொருள்.

அச்சம் முதலில் பெரிதாகி, உண்மை தெரிந்தபின் அளவுக்கு வருவதற்கும் சான்று உண்டு. 2020 டிசம்பர் 8இல் பிரிட்டனில் கொரோனாத் தடுப்பூசி தொடங்கியது. முன்பே கடும் ஒவ்வாமை உடைய சுகாதார ஊழியர் இருவருக்கு அன்றே அது தோன்றியது. இருவரும் குணமடைந்தனர். உணவாலோ மருந்தாலோ கடும் ஒவ்வாமை கண்ட எவருக்கும் அவ்வூசி வேண்டாமென்று அந்நாட்டு அதிகாரிகள் மறுநாளே எச்சரித்தனர். அம்மாதம் முடியுமுன், அம்மருந்தில் அடங்கிய பொருள் ஆகாதவருக்கு மட்டுமே தடை என்று அதனைச் சுருக்கினர்.

விவசாய அங்கத்தினர் நாய்க்கடி விஷயத்தில் தனிக் கவனம் கொள்ள வேண்டும். ஆட்டு மூளையினின்று செய்த பழைய மருந்தை வயிற்றில் நாள்தோறும் குத்திக்கொண்ட காலத்தில் சிலருக்கு நரம்புக் கோளாறு உண்டாயிற்று. அந்த அச்சம் இன்னும் ஊர்களில் பேசப்படுகிறது. ஆனால் 2004ஆம் ஆண்டின் இறுதியில் அம்மருந்தின் உற்பத்தி இந்தியாவில் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போதுள்ளது உயிரணுக்களில் வளர்த்த மருந்து. ஒருவகை ஆகாதவருக்கு வேறுவகையைத் தக்க கண்காணிப்பில் போடலாம். வெறிநோய் தோன்றிவிட்டால் பிழைத்தல் அரிதினும் அரிது. எனவே கடிபட்டவர் ஒவ்வாமையைக் காரணங்காட்டி ஊசியை விடுதல் உயிரை விடுதலுக்கு ஒப்பாகும்.

ஊசி போடுமுன் எப்பொருள் ஆகாது, பட்டபின் எவ்வளவு நேரத்தில் என்ன நேர்ந்தது, மருத்துவமனை செல்ல நேர்ந்ததா என்பவற்றைச் செவிலியரிடம் சொல்லுங்கள். போட்டபின் கால் மணி நேரமும், முன்பு கடும் ஒவ்வாமை கண்டவர் அரை மணி நேரமும் அங்கேயே அமர்ந்திருத்தல் வேண்டும். உடலெங்கும் தடிப்பு, முகம் நாக்கு வீக்கம், மூச்சு முட்டல், தொடர்ந்த வாந்தி, கிறுகிறுப்பு ஆகியவை தோன்றினால் உடனே சொல்ல வேண்டும். இதற்குரிய முதல் மருந்து தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. அரிப்பு மாத்திரை அதற்கு ஈடாகாது. ஊசியைக் கண்டதும் முகம் வெளுத்து மயங்கிப் படுத்ததும் தெளிவது ஒவ்வாமை அன்று, அச்சத்தால் வரும் மயக்கமே.

கூலிக்குத் தறி நெய்பவருக்கு அரை மணி நேரம் பெரிதென்பதை நாம் அறிவோம். ஊசி போட்ட கையோடு தறிக்கு ஓடுவோர் அதனாலேயே ஓடுகின்றனர். ஆகையால் சங்க நிர்வாகிகளுக்கு நாம் சொல்வது இது: நூல் வழங்கும் நாளிலோ கூலி கொடுக்கும் நாளிலோ சங்கக் கட்டடத்திலேயே முகாம் வைக்க ஏற்பாடு செய்க, காத்திருக்கும் நேரத்தில் கணக்கு முடித்துக் கொடுக்கலாம். அட்ரினலினும் அதனைப் போட அறிந்தவரும் இல்லாத முகாமுக்கு இடங்கொடாதீர்கள். ஒவ்வாமை உள்ள அங்கத்தினர் தமக்கு ஆகாத பொருளைச் சீட்டில் எழுதிப் பாஸ்புத்தகத்தில் வைத்துக்கொள்வதும் நல்லது.

அண்டை வீட்டில் நோய் இருக்க நம் வீடு மட்டும் தப்பாது என்பது கூட்டுறவாளர் அறிந்ததே. ஊசி உண்மையிலேயே ஆகாத அந்த ஒரு சிலரைக் காப்பதும், போட்டுக்கொள்ளக்கூடிய மற்றவர் கடமையன்றோ?